படத்தின் முதுகில் ஒரு காலி வட்டம்

என் அன்பான அம்மணிக்கு,

நீங்க இப்போது இருக்கிற இடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது? இங்கே இருந்தவரை காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பீங்க, காபி குடிப்பதற்கும் முன்னால். அங்கேயும் காலை என்று ஒன்று இருந்தால், அந்த வெளிச்சத்தில் சித்தே உட்கார்ந்து இந்தச் சேதியைக் கேளுங்க. நான் நின்றுகொண்டுதான் சொல்கிறேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. கோயமுத்தூரில் ஒரு சண்டை போட்டு, ஒரு நாள் முழுக்க எல்லாரையும் காக்க வைத்து, கடைசியில் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன்!

நான் சொல்லச் சொல்ல மருமகள் பூங்கொடி எழுதுகிறாள். என் பேச்சுக்குத் தலை வாரிப் பொட்டு வைத்துத்தான் எழுதுகிறாள். "மாமா, மெதுவாச் சொல்லுங்க, கையி வலிக்குது" என்கிறாள். அதையும் எழுது என்றேன்.

கடிதம் கேட்டது உங்க மகள் நித்யாதான். உங்க படங்களை எல்லாம் சேர்த்துப் புத்தகம் போடுகிறார்களாம், அதன் கடைசிப் பக்கத்துக்காம். "எழுதத் தெரிஞ்சவிங்க எத்தனையோ பேரு இருக்காங்களே கண்ணு" என்றேன். "அவங்களுக்கெல்லாம் அந்த மரம் தெரியாதுங்க மாமா" என்றது அந்தப் புள்ளை. சரி என்று ஒத்துக்கொண்டேன்.

புத்தகத்தைப் பார்க்கிறவர்களுக்கு நம்ம கதை தெரியாது. அதனால் தலையிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். இன்னொரு தரம் சிரியுங்க.

வெள்ளகோவிலுக்கு வடக்கே எனக்கு இருக்கிறது நாலு ஏக்கர் மேய்ச்சல் காடு. கொறங்காடு என்போம். சுற்றிக் கிளுவை வேலி, நடுவில் ஒரு பெரிய வெள்ளவேலா மரம், கீழே கொழுக்கட்டைப்புல், அதை மேய என் செம்மறி ஆடுகள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் படலைத் திறந்துகொண்டு போனால், மரத்துக்கு அக்கட்ட ஒரு அம்மா மூன்று காலுள்ள மரச்சட்டத்தை ஊன்றிவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு என் காட்டை அளந்துகொண்டிருக்கிறது. அந்தச் சமயத்தில் கரண்டு டவர் போடுகிறோம் என்று ஊர் ஊராக அளந்துகொண்டிருந்தார்கள். அளந்தவன் எல்லாரும் முதலில் மூன்று காலைத்தான் ஊன்றினான்.

"ஏனுங்க, எந்தக் கம்பெனிங்க?"

"கம்பெனியெல்லாம் இல்லீங்ண்ணா. படம் வரைய வந்தேன்."

"எல்லாரும் மொதல்ல அப்பிடித்தானுங்க சொல்றாங்க."

சொல்லிக்கொண்டே சட்டத்தைப் பிடுங்கி வேலி மேல் வீசிப்போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. நீங்க கோபப்படவில்லை. வேலியில் மாட்டின சட்டத்தை எடுத்து, முள்ளைத் தட்டிவிட்டு, "நான் டவர்க்காரி இல்லேன்னு நம்பறதுக்கு என்னங்ண்ணா பண்ணோணும்?" என்று கேட்டீங்க. எழுதிக் கொடுங்க என்றேன். வேறு காகிதம் இல்லை. வரைய வைத்திருந்த துணியின் முதுகில் எழுதினீங்க: 'இந்தக் காட்டில் நான் எந்தக் கம்பமும் நட மாட்டேன்.' கீழே கையெழுத்தும் போட்டீங்க. "சாட்சி வேணுமல்லங்க" என்று என்னைப் பார்த்தீங்க. எனக்குக் கையெழுத்து ஏது? இடது கட்டைவிரலில் கறுப்புப் பெயிண்டைத் தடவி வைத்துவிட்டேன்.

அந்தத் துணியின் முகத்தில்தான் முதல் படம் வந்தது. அப்போது ஆரம்பித்த வழக்கம். அதற்குப் பிறகு எங்க பக்கம் வந்து எதை வரைந்தாலும், முடிந்ததும் திருப்பிப் பிடிப்பீங்க. நான் முன்னால் போய்ப் பார்ப்பேன். இடம் சரியாக இருந்தால் பின்னால் வந்து விரல் வைப்பேன். விரலைத் துடைத்துத் துடைத்துத் துண்டு பூராவும் கலர். "மாமாகிட்ட இருக்கறது துண்டா, தேர்க்கொடியா?" என்று பூங்கொடி துவைக்கும்போதெல்லாம் கேட்பாள்.

சரியாக இல்லாவிட்டால் வைக்க மாட்டேன். ஒரு தடவை மழைப்படம் ஒன்று போட்டீங்களே, நினைவிருக்கிறதா? மேகம் மேற்கே பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து ஏறி வருகிறது. புல்லோ மேற்குப் பார்த்துச் சாய்ந்து கிடக்கிறது. "காத்து மழைய எதுத்து அடிக்குதுங்களா அம்மணி? ஆடே நம்பாதுங்க" என்றேன். "இது என் மனசுல அடிக்கற காத்துங்ண்ணா" என்றீங்க. "அப்ப மனசையே சாட்சிக்குக் கூப்புட்டுக்குங்க." மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனீங்க. மூன்று மாசம் வரவேயில்லை. பிறகு அதே படத்தைக் கொண்டுவந்து மரத்தில் சாய்த்தீங்க. புல் கிழக்கே சாய்ந்திருந்தது. பெயிண்டு டப்பாவை நீட்டினீங்க. நான் விரலைத் தோய்த்தேன்.

ஆனால் நான் பார்க்காததை எல்லாம் நீங்க வரைந்ததும் உண்டு. அதற்கு நான் குறுக்கே நின்றதில்லை. "இந்தக் காட்டுக்கு அடியில ஒரு பழைய பாதை போகுதுங்ண்ணா. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால கப்பல்ல வந்து எறங்குனவிங்க கல்மணி வாங்க நடந்த பாதை" என்றீங்க. "எங்கிட்டக் கேக்காமயே போயிருக்கறாங்களே" என்றேன். உழும்போது சிவப்புக் கல்மணி கிடைத்த ஆள்தான் நானும், நம்பாமல் என்ன? உங்க படத்தில் புல்லுக்கு அடியில் அந்தப் பாதை ஒரு வெளுத்த கோடாக ஓடும். தோல் மேல் ஆறிப்போன தழும்பு மாதிரி.

தழும்பு என்றதும் சொல்லிவிடுகிறேன். நம்ம கதை அதில்தான் திரும்புகிறது. ஒரு நாள் மரத்தடியில் டப்பா மூடியைக் கத்தியால் நெம்பினீங்க. கத்தி வழுக்கி இடது கட்டைவிரலைக் குறுக்கே கிழித்துவிட்டது. வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கி, என் துண்டைக் கிழித்து நான்தான் கட்டினேன். "மூணு தையலாச்சும் போடோணும், ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். போகவில்லை. காயம் ஆறினபோது விரலுக்குக் குறுக்கே ஒரு கோடு நின்றுவிட்டது. நடுவில் கொஞ்சம் கோணலாக.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். தை மாசம் உங்களுக்கு வாதம் அடித்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. வைகாசியில் ஒரு பேய்க்காற்று. நம்ம வெள்ளவேலா மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. ஆனி மாசம் உங்களைப் பார்க்கக் கோயமுத்தூர் வந்தேன். வெறுங்கையாக வரக் கூடாது என்று, மரம் பெயர்ந்த குழியிலிருந்து ரெண்டு கை செம்மண் அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு வந்தேன். நீங்கதான் எப்போது வந்தாலும் மண் கேட்பீங்களே. சலித்து, வேலாம்பிசினில் குழைத்து, அதிலேயே கலர் பண்ணிவிடுவீங்களே.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன். மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது, எந்தக் கிளை முறிந்தது, குழி எத்தனை ஆழம், எல்லாம். "போச்சுங்க அம்மணி. இனி அது வெறகுதான். பையன் வெட்டிப்போடலாங்கறான்" என்றேன். உடனே நீங்க தலையை ஆட்டினீங்க. இடது கையால் கட்டிலைத் தட்டினீங்க. தொண்டையில் என்னவோ சத்தம். எனக்குப் புரியவில்லை. தண்ணி கேட்கிறீங்க என்று நினைத்து டம்ளரை வாயில் வைத்தேன். அதை நீங்க பார்த்த பார்வை! அத்தனை வருஷம் பழகி, கடைசியில் தண்ணியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் பாருங்க.

ஆவணியில் நீங்க போய்விட்டீங்க. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று பூங்கொடியிடம் சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை நித்யா கார் அனுப்பியது. மறுநாள் சாயங்காலம் உங்க படக் கண்காட்சி திறப்பு, முன்னாலேயே வந்து பாருங்க மாமா என்று. பூங்கொடியும் நானும் போனோம். அம்மணி, அந்தக் கூடத்தில் நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. சுவர் முழுக்க எங்க சீமை! சத்தியமங்கலத்து மலை ஒரு பக்கம், மேட்டுப்பாளையத்துப் பாக்குத்தோப்பு ஒரு பக்கம், நடுவில் என் கொறங்காடு, பங்குனிக்கு ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று என்று. "என்னடா இது, நம்ம ஆட்டுப்பட்டிக்கு ஏசி போட்டிருக்கறாங்க!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பூங்கொடி என் கையைக் கிள்ளினாள்.

நின்று நின்று கால் வலித்தது. பின்னால் ஒரு சின்ன அறையில் நாற்காலி போட்டுத் தண்ணி கொடுத்தார்கள். அங்கே சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த படம் ஒன்று. முதுகுதான் எனக்குத் தெரிந்தது. முதுகில் ஒரு செம்மண் கறை. உற்றுப் பார்த்தேன். கறை இல்லை. கைநாட்டு! அதற்குக் குறுக்கே ஒரு கோடு. நடுவில் கொஞ்சம் கோணலாக. பக்கத்தில் கரியால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் விட்டிருந்தது.

டம்ளர் கீழே விழுந்தது எனக்குத் தெரியாது. நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள்.

கண்காட்சியைப் பார்த்துக்கொள்கிற தாடிக்காரத் தம்பி ஒருத்தர். நல்ல பையன்தான். "தாத்தா, அது அம்மா படம் இல்லீங்க. பீரோவுக்குப் பின்னாடி கெடந்துச்சு. கை விழுந்த பொறவு அவங்க பிரஷ்ஷே தொடலைன்னு வீட்டுலயே சொல்றாங்க. கையெழுத்தும் இல்ல. கோடெல்லாம் நடுங்குது. யாரோ படிக்கற புள்ளைங்க போட்டதா இருக்கும்" என்றார். கண்காட்சியிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்களாம்.

"திருப்புங்க தம்பி" என்றேன்.

திருப்பினார். அம்மணி, நான் என்னத்தைச் சொல்ல! என் காடு. மரம் தெற்கே சாய்ந்து கிடக்கிறது. முறிந்த கிளை, நான் சொன்ன அதே கிளை. வேர் பெயர்ந்த குழிக்குள்ளே உங்க பழைய பாதை தெரிகிறது, வெளுத்த கோடாக. குழி பூராவும் என் செம்மண். சுண்ணாம்புக் குருணைகூட அப்படியே ஒட்டியிருக்கிறது. சலிக்க முடியவில்லை உங்களால், ஒரு கையை வைத்துக்கொண்டு.

"இந்த மரம் உளுந்தது வைகாசியிலங்க. அம்மணிக்குக் கையி போனது தையில. உளுந்த மரத்த அது கண்ணுல பாக்கவே இல்ல. நாஞ்சொல்லிக் கேட்டதுதான். அப்ப இத எந்தப் படிக்கற புள்ள வந்து போட்டுதுங்க?"

நித்யா படத்தின் முதுகுப் பக்கம் போய் அந்த விரல் தடத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மெல்லச் சொன்னது. "அம்மாவோட எடது கை நகத்துல எப்பப் பாத்தாலும் மண்ணு இருக்கும். கூட இருந்து பாத்துக்கிட்ட அக்காவ நான் திட்டுனேனுங்க மாமா. சுத்தமா வெச்சுக்கறதில்லன்னு. தினமும் நானே தேச்சுக் கழுவுவேன். மறுநாள் மறுபடியும் மண்ணு."

எழுதப் படிக்கத் தெரிந்த நீங்க, எத்தனை படத்தில் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்ட நீங்க, கைநாட்டு வைத்திருக்கீங்க. அதுவும் இடது விரலை. பொம்பளைக்கு வலதுதான் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்? பத்திர ஆபீசில் இது செல்லாதுங்க.

உடனே எல்லாருக்கும் பரபரப்பு. தாடித்தம்பி ஆளே மாறிவிட்டார். "நடுச்சுவத்துல மாட்டணும்! அந்த வட்டம் உங்களுக்குத்தான் தாத்தா, வெச்சுக் குடுங்க, நாளைக்குத் திறப்பு" என்று முத்திரை மைப்பெட்டியைக் கொண்டுவந்தார். நான் கட்டைவிரலை நீட்டிவிட்டேன். அப்புறம் பழக்கதோஷத்தில் இன்னொரு தரம் முன்னால் போய்ப் பார்த்தேன்.

பார்த்ததும் விரல் மடங்கிவிட்டது. சாய்ந்து கிடந்த மரத்தின் மேல், அடியிலிருந்து நுனி வரை, பச்சைப் பச்சையாகத் துளிர்.

"இது தப்புங்களே" என்றேன். "மரம் செத்துப்போச்சு. துளிரு கெடையாது. நான் தெனமும் பாக்கறனே."

"தாத்தா, அது அவங்க நம்பிக்கைங்க. அப்படி எடுத்துக்கோங்க."

"நம்பிக்கைய வெச்சு நல்லா வரையலாந் தம்பி. சாட்சி வெக்க முடியாது."

"இப்ப வெச்சாத்தானுங்க மாட்ட முடியும்!"

"பாக்காம வெக்கறதுக்குப் பேரு சாட்சிங்களா? ஊட்டுக்குப் போயிப் பாத்துப்போட்டு வாரேன்."

பூங்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, எல்லாரும் நிக்கறாங்க. ஒரு வெரலு. வெச்சுப்போட்டு வாங்க." நித்யா மட்டும் அவசரப்படுத்தவில்லை. "அம்மாவும் ஒருக்கா மூணு மாசம் காத்திருந்தாங்கல்ல. நீங்க போய்ட்டு வாங்க மாமா" என்றது. நீங்க அந்தக் கதையை வீட்டிலும் சொல்லியிருக்கீங்க போல.

காரில் வரும்போதெல்லாம் எனக்குள் ஒரே அடிதடி. செத்த மரத்துக்கு நான் எப்படி விரல் வைப்பேன்? வைக்காவிட்டால் உங்க கடைசிப் படம் அந்த வட்டத்தோடு காலியாக நிற்குமே? இடது கையால் நீங்க பட்ட பாட்டுக்கு நான் கொடுக்கிற மரியாதை அதுதானா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் காட்டுக்குப் போனேன். முந்தின இரவு மழை பெய்து மண் குளிர்ந்திருந்தது. மரம் கிடந்த இடத்தில் கிடந்தது. மொட்டையாகத்தான். சரி, தொட்டாவது பார்ப்போம் என்று முட்டிபோட்டு உட்கார்ந்து அடிமரத்தைத் தடவினேன்.

கையில் என்னவோ குத்தியது. முள்ளா? இல்லை. பட்டையிலிருந்து ஒரு சின்னக் குச்சி, அரைவிரல்கூட இல்லை. நுனி கடிபட்டுக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேலே நாலு. நகத்தால் சுரண்டினேன். பச்சை! அம்மணி, பச்சைங்க! அடியிலிருந்து நுனி வரை, நீங்க எங்கெங்கே வரைந்தீங்களோ அங்கெல்லாம்!

மரம் சாகவேயில்லை. பாதி வேர் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. அது பாட்டுக்குத் துளிர்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. என் ஆடுகள் அது பாட்டுக்குத் தின்றுகொண்டே இருந்திருக்கின்றன! நின்ற மரமாக இருந்தபோது எட்டாத துளிர். படுத்ததும் வாய்க்கு நேராக வந்துவிட்டது. நான் தினமும் காலையில் ஆட்டை உள்ளே விட்டுவிட்டு, அது மேய்ந்து முடித்த பிறகு போய் மொட்டை மரத்தைப் பார்த்து, செத்துவிட்டது, செத்துவிட்டது என்று அழுதிருக்கிறேன். ஐம்பது அறுபது வருஷம் ஆடு மேய்க்கிறவனுக்கு இது தோன்றவில்லை பாருங்க. கட்டிலில் படுத்திருந்த உங்களுக்குத் தோன்றியது. அன்றைக்குக் கட்டிலைத் தட்டினது இதற்குத்தானே? சொல்லுங்க, இதற்குத்தானே?

ஓடினேன். இந்த வயதில் ஓடினேன். காங்கயம் வந்து, பல்லடம் வந்து, பஸ் மாறி, கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கல்யாண வீட்டில் ஒறம்பரை கூடின மாதிரி ஜனம். நடுச்சுவரில் ஆணி மட்டும் அடித்து வெறுமனே விட்டிருந்தார்கள். கீழே அந்தப் படம் முதுகைக் காட்டிக்கொண்டு மேசை மேல் படுத்திருந்தது. நித்யா என் மூஞ்சியைப் பார்த்தது.

"துளிரு இருக்குது கண்ணு. ஆடு தின்னுபோட்டுது" என்றேன்.

அந்தப் புள்ளை சிரித்ததா அழுததா என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டும்தான் போல.

வட்டத்துக்குள் விரல் வைத்தேன். முத்திரை மை ஊதா நிறம். உங்களுக்குப் பிடிக்காத நிறம். மன்னிச்சுக்குங்க, வேறு கிடைக்கவில்லை. உங்க செம்மண் விரலுக்குப் பக்கத்தில் என் ஊதா விரல் காயும் வரை தாடித்தம்பி காகிதத்தால் விசிறிக்கொண்டு நின்றார். பிறகு எல்லாரும் பார்க்கத் தூக்கி மாட்டினார்கள்.

இப்போது பூங்கொடி கேட்கிறாள், முடிந்ததா மாமா என்று. முடியவில்லை, இன்னொன்று இருக்கிறது.

திங்கள்கிழமை மரத்தை வெட்ட ஆள் சொல்லியிருந்தான் பையன். வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இன்று காலை முள் வெட்டிக் கொண்டுவந்து, மரத்தைச் சுற்றி இடுப்பளவுக்கு அடைப்பு வைத்துவிட்டேன். கையெல்லாம் கீறல். ஆடுகள் வெளியே நின்று என்னைத் திட்டுகின்றன. திட்டட்டும். என் கண் மூடும் வரை அந்த அடைப்புக்குள் ஓர் ஆடும் வாய் வைக்காது, ஒரு கோடாலியும் இறங்காது. அந்தத் துளிர் கிளையாகி நிற்கிற அன்றைக்கு நித்யாவை வரச் சொல்லி, அதன் கையைப் பிடித்துப் பச்சையைத் தொட வைப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. நீங்க என் காட்டில் கம்பம் நட மாட்டேன் என்று எனக்கு எழுதிக் கொடுத்தீங்களே, அந்த மாதிரி.

சாட்சிக்கு யாரும் இல்லை. நீங்கதான் பார்த்துக்கொள்ளோணும்.

உங்கள் கூடப் பிறக்காத அண்ணன்
நாச்சிமுத்து
(இடது கட்டைவிரல், நானே பார்த்து வைத்தது)